உளியும் கரண்டியும் பள்ளிக்கூடத்தில்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான் நடைபெறுகிறது. எந்தப் பிரிவில் பிள்ளையைச் சேர்ப்பது? மதிப்பெண் மிகுந்தவனுக்குக் கணிதமும் அறிவியலும், அடுத்தவனுக்கு வணிகவியல், எல்லாருக்கும் பின்னால் நிற்பவனுக்குத் தொழிற்கல்விப் பிரிவு. இவ்வாறு பங்கிடுவதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எனினும் எழுதிய சட்டத்தைவிட உறுதியாக இது கடைப்பிடிக்கப்படுகிறது.

நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு சிறுவன், தானே விரும்பி, உணவக மேலாண்மைப் பாடமுள்ள பிரிவில் சேர வேண்டும் என்றான். தந்தையார் அவனை நம்மிடம் அழைத்து வந்தார். “சாமி, நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்க. கரண்டி பிடிக்கிறதுக்கா நான் கடன் வாங்கிப் படிக்க வைக்கிறேன்?” என்று கேட்டார். அவர் சினத்தில் கேட்கவில்லை, அச்சத்தில் கேட்டார். அந்த அச்சத்தை நாம் எளிதாக எண்ணவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்ந்து பார்ப்பதே இம்மாதம் நம் நோக்கம்.

செங்கோட்டையில் வாழும் நமக்குக் கைத்தொழிலின் பெருமையை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஊரை அடுத்த பிரானூர் பார்டரில் மரமறுக்கும் ஆலைகளின் ஓசை கேட்கிறது. அங்கே பரோட்டாக் கல்லின் முன்னே நிற்பவரின் கைத்திறனை நாடி வெளியூர்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், எத்தனையோ குடும்பங்களுக்குச் சமையற்கட்டே வாழ்வளிக்கிறது. மரமும் மாவும் நம்மைப் பேணி வளர்த்தவை. ஆயினும் அந்த மரத்தையும் மாவையும் பள்ளிக்கூடத்தில் பாடமாகக் கற்பது இழிவு என்று எண்ணுகிறோம். இம்முரண்பாடு எவ்வாறு விளைந்தது?

நம் நாட்டில் தொழில் என்பது நெடுங்காலம் பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. தச்சன் மகன் தச்சன். வண்ணார் மகன் வண்ணார். ஆகவே கைத்தொழில் என்ற சொல்லைக் கேட்டவுடனேயே, “எங்களைப் பழைய இடத்திற்கே திருப்பி அனுப்பப் பார்க்கிறார்களோ?” என்ற ஐயம் ஏழைகளின் உள்ளத்தில் எழுகிறது. அந்த ஐயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1953-ஆம் ஆண்டு, சென்னை மாநில முதலமைச்சராயிருந்த இராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டத்தைக் கொணர்ந்தார். நாள்தோறும் மூன்று மணி நேரம் பள்ளிப் படிப்பு. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. மக்கள் அதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று அழைத்தனர். பெரியாரும் பிறரும் கடுமையாக எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அக்காலத்தில் நம் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்தமையால், அத்திட்டம் நம் ஊர்ப் பள்ளிகளைத் தொடவில்லை. நாம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ஆம் நாள். எனினும் அந்தப் போராட்டத்தின் நினைவு தமிழகம் முழுவதற்கும் பொதுவாயிற்று, நமக்கும் உரியதாயிற்று.

அத்திட்டத்தை எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. தந்தையின் தொழிலையே மகன் கற்க வேண்டும் என்றால், பள்ளிக்கூடம் எதற்கு? ஆனால் அந்த நியாயத்திலிருந்து நாம் தவறான ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். பிறப்பின் வழியாகத் தொழிலைத் திணிப்பது தவறு என்பதை விட்டுவிட்டு, கையால் செய்யும் எதற்குமே பள்ளியில் இடமில்லை என்று எடுத்துக்கொண்டோம். இவ்விரண்டும் ஒன்றல்ல.

அவ்வேறுபாட்டை விளக்க, நாம் சேர்ந்திருந்த பழைய திருவிதாங்கூரிலேயே ஒரு சான்று உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்தியதில், இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோயிலில் பெண்களுக்கென ஒரு பள்ளி நடத்தினார். எழுத்தும் வாசிப்பும் கற்ற அப்பெண்கள், நூலைக் கொண்டு ‘லேஸ்’ பின்னும் கலையையும் கற்றனர். அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, அப்பள்ளியில் பயின்ற அடிமைப் பெண்கள் சிலர், தாம் பின்னிய லேஸின் வருவாயைக் கொண்டு தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. அவர்கள் கற்ற தொழில் அவர்களுடைய பிறப்பு அவர்களுக்கு விதித்ததன்று. பள்ளி கற்பித்தது, அதனாலேயே அது விலங்கை அறுத்தது. குலத்தொழில் பிள்ளையை ஓரிடத்தில் கட்டிப்போடுகிறது. பள்ளியில் யாவர்க்கும் பொதுவாய்க் கற்பிக்கப்படும் தொழிலோ அக்கட்டை அவிழ்க்கிறது.

நாட்டின் பெரியோர்கள் இதனை உணராமல் இல்லை. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். ஒரு கைத்தொழிலை நடுவே வைத்து, அதன் வாயிலாகவே கணக்கும் அறிவியலும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1964 முதல் 1966 வரை பணிசெய்த கோத்தாரிக் குழு, வேலை அனுபவம் கல்வியின் பகுதியாக வேண்டும் என்றது. தமிழகம் 1978-இல் மேல்நிலைக் கல்வியைத் தொடங்கியபோது தொழிற்கல்விப் பிரிவும் உடன் பிறந்தது. அதே ஆண்டில், தமிழரான மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசியக் குழு, செய்து கற்றலை வலியுறுத்தி அறிக்கை அளித்தது. வேளாண்மை, மின்பொறியியல், இயந்திரவியல், நெசவியலும் ஆடை வடிவமைப்பும், செவிலியம், உணவக மேலாண்மை என்று நல்ல பாடங்கள் நம் மேல்நிலைப் பாடத்திட்டத்தில் உள்ளன. பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் தொழிற்கல்வி மாணவர்களுக்கெனத் தனி ஒதுக்கீடும் உண்டு. கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் மதிப்பெண் குறைந்தவர்களை மட்டும் அதன் வழியே அனுப்பி, அதனைப் பின்வாசலாக ஆக்கியவர்கள் நாமே.

கைவேலைக்கு மூளை வேண்டாம் என்பது அறியாதார் கூற்று. கொத்தனாரின் கையிலுள்ள மூலைமட்டத்தைப் பாருங்கள். அவர் மூலையின் ஒரு பக்கம் மூன்றடியும் மறுபக்கம் நான்கடியும் அளந்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று சரிபார்க்கிறார். கரும்பலகையில் பித்தகோரஸ் தேற்றமாக மாணவன் மனப்பாடம் செய்வது இதைத்தான். ரசமட்டத்தினுள் நகரும் குமிழியும், நேரே தொங்கும் தூக்குக்குண்டும் புவியீர்ப்பின் பாடங்கள். ஒரு நாற்காலி செய்யப் புகும் மாணவன், முதலில் அதில் யார் அமர்வார் என்று எண்ண வேண்டும், பிறகு வரைய வேண்டும், அளக்க வேண்டும், எந்த மரம் எத்தனை பாரம் தாங்கும் என்று அறிய வேண்டும், செய்து முடித்தபின் ஆடுகிறதா என்று சோதித்துத் திருத்த வேண்டும். வடிவமைப்பு என்று இன்று கூறப்படும் கல்வி இதுவே. விடைத்தாளில் நேர்ந்த பிழையை ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டும். நாற்காலியில் நேர்ந்த பிழையை நாற்காலியே சொல்லிவிடும்.

அடுப்படியும் அவ்வாறே. சாரல் காலத்தில் இட்லி மாவு புளிக்கத் தாமதமாவதை நம் தாய்மார் அறிவர். மாவிலுள்ள நுண்ணுயிர்கள் குளிரில் மெதுவாக இயங்குவதே காரணம். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது, மேல்தோலிலுள்ள பி-1 உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்று தங்குகிறது; ஆகவே தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் அச்சத்து மிகுதி. இச்சத்துக் குறைவினால் வரும் பெரிபெரி நோயை ஆராய, 1918-இல் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் ஒரு சிறு ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. சோற்றுப் பானையிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிறுவனமே பிறந்ததென்றால், சமையலைப் படிப்பன்று என்று தள்ளுவது எங்ஙனம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் மனையியல் என்றால் அது பெண்களுக்கு என்றே வழக்கமாயிற்று. ஊருக்கெல்லாம் பரோட்டா வீசும் ஆடவர், வீட்டில் ஒரு குவளைத் தண்ணீரையும் தாமே எடுத்துக் குடிப்பதில்லை. பின்லாந்து நாடு 1866-லேயே கைவினையைப் பள்ளிப் பாடமாக்கியது. அங்கே இன்று ஏழாம் வகுப்பில் ஆண் பெண் இருபாலாரும் இல்லப் பொருளியல் கற்கின்றனர். ஜப்பானில் அப்பாடம் 1993-இல் நடுநிலைப் பள்ளியிலும், 1994-இல் உயர்நிலைப் பள்ளியிலும் இருபாலார்க்கும் கட்டாயமாயிற்று. இங்கிலாந்தில் 1990 முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் தனிப் பாடம். 2014 முதல் அதனுள் சமையலும் ஊட்டச்சத்தும் 14 வயது வரை கற்பிக்கப்பட வேண்டியவை. நம் மாநிலமோ பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிப்பதில் நாட்டுக்கே வழிகாட்டியது. 1956-இல் காமராசரின் மதிய உணவு, 1982-இல் சத்துணவு, 2022-இல் காலை உணவு. தட்டில் உணவை வைத்தோம். அந்த உணவைப் பற்றிய அறிவையும் பிள்ளைக்கு வழங்கினால் அன்றோ அப்பணி நிறைவுறும்?

திருச்சபைக்கு இது புதிய சிந்தனையன்று. நம் ஆண்டவர் வளர்ந்தது தச்சுப் பட்டறையில்; புனித சூசையப்பர் அவருக்குக் கற்பித்தது உளி பிடிக்க. புனித தொன் போஸ்கோ, தூரின் நகரில் ஆதரவற்ற சிறுவர்களை வேலைக்கு அமர்த்திய முதலாளிகளோடு எழுத்து ஒப்பந்தம் செய்து அவர்களைக் காத்தார். 1853-இல் செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் தம் இல்லத்திலேயே பட்டறைகள் அமைத்தார். அவருடைய சபையார் 1906-இல் தஞ்சைக்கு வந்தனர். மதிப்பெண் இல்லாதவனுக்கு ஏதோ ஒன்று என்று தொன் போஸ்கோ அதனைச் செய்யவில்லை. அச்சிறுவர்கள் யாரிடமும் கையேந்தாது நிற்க வேண்டும் என்றே செய்தார்.

நாம் அந்தத் தந்தையாருக்குச் சொன்னதையே உங்கள் அனைவருக்கும் சொல்லுகிறோம். பிள்ளை விரும்பித் தொழிற்கல்வி கேட்டால், உடனே மறுக்காதீர்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இசையவும் வேண்டாம். முதலில் பள்ளிக்குச் சென்று பட்டறையையும் சமையற்கூடத்தையும் நேரில் பாருங்கள். கருவிகள் உள்ளனவா? கற்பிக்க ஆசிரியர் உண்டா? இப்படிப்புக்குப் பின் எந்தக் கல்லூரி வாசல்கள் திறக்கும்? இவற்றைக் கேட்டறியுங்கள். கருவியின்றித் தொழில் கற்பிப்பது, நீரற்ற குளத்தில் நீச்சல் பழக்குவதை ஒக்கும். குறை இருந்தால், பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் எழுந்து பேசுங்கள். அக்கூட்டங்களுக்கு நீங்கள் செல்லாதவரை, அந்தக் கூடத்தில் பூட்டுத்தான் தொங்கும்.

பிள்ளை எந்தப் பிரிவில் படித்தாலும், வாரத்தில் ஒரு நாள் அவனை அடுப்படிக்கு அழையுங்கள். மகளிடம் திருப்புளியைக் கொடுத்து, தளர்ந்த கதவுக் கீலை முடுக்கச் சொல்லுங்கள். அளவு தவறினால் கடிந்துகொள்ளாமல், மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். இதற்கு அரசாணையும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன், இந்த விடுமுறை நாட்களிலேயே தொடங்கலாம்.