தைமஸ் கட்டி கண்ட குடும்பங்களுக்குப் பரிசோதனை வசதி கோரும் மனு

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள், நலவழித்துறை, புதுச்சேரி அரசு.
வழி: மாவட்ட ஆட்சியர் அவர்கள், காரைக்கால்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

காரைக்கால் வட்டார நோயாளர் சங்கத்தார் மிக்க மரியாதையுடன் சமர்ப்பித்துக்கொள்ளும் விண்ணப்பமாவது:

மார்பெலும்பின் பின்னே அமைந்து, வயது ஏற ஏறச் சுருங்கிவிடும் தைமஸ் சுரப்பியில் தோன்றும் கட்டிகள் பொதுவில் பரம்பரையாக வருவன அல்ல; ஆயினும், அவற்றுள் அபூர்வமான ஒரு வகை, எம்.இ.என்.-1 என மருத்துவர் வழங்கும் வியாதியின் அங்கமாய்ச் சில குடும்பங்களைத் தலைமுறைதோறும் தொடர்கிறது. இம்மாவட்டம் பிரெஞ்சு ஆட்சி நீங்கி இந்தியாவோடு சேர்ந்த 1954-ஆம் ஆண்டிலேயே பால் வெர்மர் என்னும் மருத்துவர் இது குடும்பவழி வருவதை எடுத்துரைத்தார். 11-ஆவது குரோமோசோமிலுள்ள இதன் மரபணு 1997-இல் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருப்பினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்புண்டாதலால், உறவுக்குள் கொண்டு கொடுத்ததால் வந்த வினையென்று பழிப்பது நியாயமன்று.

இவ்வியாதியில் பெரும்பாலும் முதலில் கெடுபவை கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள். அதனால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து கல்லடைப்பு உண்டாகிறது. தந்தைக்குக் கல்லடைப்பு, தமையனுக்கு ஆறாத குடற்புண், சிற்றப்பாவுக்கு மார்பில் கட்டி என்று வெவ்வேறு சீட்டுகளில் எழுதப்படும் மூன்றும் ஒரே வியாதியாக இருக்கக்கூடும். இவ்வியாதியுடையோரில் நூற்றுக்கு 2 முதல் 8 பேருக்கே தைமஸ் கட்டி காணினும், அது ஆண்களை, அதிலும் புகைபிடிப்போரை, மிகுதியும் பற்றி, நெடுநாள் வெளித்தெரியாது வளர்ந்து, முற்றிய பின்னரே புலப்பட்டு உயிரைக் கவர்கிறது. தலைநகராகிய புதுச்சேரிக்குத் தமிழ்நாட்டைக் கடந்தே செல்லவேண்டிய எம்மவர்க்கு, கூலியையும் இழந்து பரிசோதனைக்காக அலைவது பெருஞ்சுமை.

ஆகவே நாங்கள் கோருவன:

1. காரைக்கால் அரசு பொது மருத்துவமனையில், இளவயதில் அடிக்கடி கல்லடைப்புக் காண்போருக்கு இரத்தச் சுண்ணாம்புச் சத்தும் பாராதைராய்டு ஹார்மோனும் பரிசோதிக்கப்பட்டு, குடும்ப வரலாறும் சீட்டில் குறிக்கப்படல் வேண்டும்.

2. நோய் உறுதியான குடும்பத்தின் ஏனையோருக்கு மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசமாய், இரகசியம் காத்து, அளிக்கப்படல் வேண்டும்.

3. மரபணு மாற்றம் உறுதியானோருக்கு ஓராண்டு அல்லது ஈராண்டுக்கொருமுறை மார்பு ஸ்கேன் எடுக்க வேண்டும். பாராதைராய்டுக்கான கழுத்து அறுவையின்போதே தைமஸை நீக்கினும் முழுக்காப்பு ஆகாதாகையால், அவ்வாறு நீக்கப்பட்டோரையும் இதினின்று விலக்கலாகாது.

4. வெளியூர்ச் சிகிச்சைக்குப் பயணப்படியும், புகையிலையை விடுவதற்கான உதவியும் வழங்கப்படல் வேண்டும்.

நோயாளிகள் சிலரே என்பது உதவியை மறுக்கக் காரணமாகாது. எந்தக் குடும்பத்தில் வரும் என்று முன்னரே அறியக்கூடிய வியாதி இது. அறிந்த பின்னும் காவாதிருப்பது அரசின் தர்மத்துக்கு ஒவ்வாது. ஆதலின், தாங்கள் இக்கோரிக்கைகளைத் தயைகூர்ந்து பரிசீலித்து, விரைவில் ஆணை பிறப்பிக்குமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
சங்கத்தார்,
காரைக்கால்.