நின்ற மாத்திரை... திரும்பி வந்த சர்க்கரை!

‘என் கணவருக்கு 48 வயது. மூன்று வருடம் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டார். போன வருடம் சோற்றைக் குறைத்து, தினமும் நடந்து, 11 கிலோ எடை குறைத்தார். டாக்டரே மாத்திரையை நிறுத்தச் சொன்னார். ‘சர்க்கரை போயிடுச்சு’ என்று அதற்குப் பிறகு அவர் பரிசோதனைக்கே போகவில்லை. சம்பா அறுவடை முடிந்ததிலிருந்து எடை ஏறுகிறது. போன வாரம் வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் விரலில் குத்திப் பார்த்ததில், வெறும் வயிற்றில் 158. பட்ட பாடெல்லாம் வீணா?’

- வாசகி, மன்னார்குடி வட்டம்.

பட்ட பாடு வீணில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்த ஒவ்வொரு மாதமும் கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவற்றுக்கு லாபம்தான். ஆனால், ‘போயிடுச்சு’ என்று பரிசோதனையை விட்டதுதான் தவறு.

மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமான பிறகும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி பரிசோதனையில் 6.5 சதவிகிதத்துக்குக் கீழ் இருந்தால், அதை ‘ரெமிஷன்’ என்கிறார்கள் மருத்துவர்கள். பல நாட்டு நீரிழிவு நிபுணர்கள் சேர்ந்து 2021-ல் வகுத்த அளவுகோல் இது. ‘குணம்’ என்ற சொல்லை அவர்கள் தெரிந்தேதான் தவிர்த்தார்கள். தமிழில் ‘தணிவு’ என்று சொல்லலாம்.

கோரை முளைத்த வயலை உழுது போட்டால், மேலே சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். ஈரம் கண்டதும் முளைக்கும். தணிந்த சர்க்கரையும் அப்படித்தான்.

காரணம் இதுதான். நடுவயதில் வரும் சர்க்கரை நோயில், பலருக்குக் கல்லீரலிலும் கணையத்திலும் கூடுதல் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. எடை நன்றாகக் குறையும்போது அந்தக் கொழுப்பு கரைகிறது. கணையம் மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது. எடை ஏறினால் கொழுப்பும் பழைய இடத்துக்கே வந்து சேர்கிறது.

பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நோய் வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்ட, இன்சுலின் போடாத 149 பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை, நாளுக்கு சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்தார்கள். எல்லாம் மருத்துவக் கண்காணிப்பில்தான். ஒரு வருட முடிவில் 68 பேருக்கு, அதாவது 46 சதவிகிதம் பேருக்கு நோய் தணிந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவிகிதம் பேருக்குத் தணிந்தது.

அதே ஆய்வின் மறுபக்கம்தான் வாசகியின் கேள்விக்குப் பதில். இரண்டாம் வருடத்தில் 68 பேர் 53 பேராகக் குறைந்தார்கள். இரண்டாம் வருடத்தில் தணிவில் இருந்து, பிறகும் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில், ஐந்தாம் வருடம் வரை அதே நிலையில் நின்றவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். எடையைக் குறைப்பதைவிட, குறைத்த எடையைக் காப்பாற்றுவதுதான் கடினமான வேலை.

இனி, அவர் செய்ய வேண்டியவை:

விரலில் குத்திப் பார்த்த ஒரு அளவை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால், வெறும் வயிற்றில் 126-க்கு மேல் என்றாலே கவனிக்க வேண்டும். 158 என்பதை ஒத்திப்போடக் கூடாது. இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஹெச்.பி.ஏ.1.சி-யும் எடுக்க வேண்டும். வீட்டில் மீதம் இருக்கும் பழைய மாத்திரையைத் தானாக எடுத்து விழுங்கக் கூடாது. மீண்டும் மாத்திரை வேண்டுமென்று மருத்துவர் சொன்னால் மறுக்கவும் கூடாது. அது தோல்வி இல்லை.

வாரம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். நெல் மூட்டை நிறுக்கும் தராசே போதும். ‘டைரக்ட்’ ஆய்வில் 2 கிலோவுக்கு மேல் ஏறினாலே மறுபடி உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தக் கணக்கையே இவரும் வைத்துக்கொள்ளலாம். அறுவடை முடிந்து உடல் உழைப்பு குறையும் மாதங்களும், கல்யாணம், திருவிழா மாதங்களும்தான் எடை ஏறும் காலம். வேலை குறையும்போது சோறும் குறைய வேண்டும்.

‘வெள்ளை அரிசியை விட்டுட்டேன், சாமைதான் சாப்பிடுறேன்’ என்று தட்டு நிறையச் சாப்பிடுவோர் உண்டு. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால், சாமை, வரகில் சுமார் 65 கிராம். நார்ச்சத்து அதிகம்; நல்ல உணவுதான். ஆனால், அளவு கூடினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். பாரம்பர்ய அரிசிக்கும் இதே கணக்குதான். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, முட்டை, மீன். மீதிக் கால் பங்குதான் சோறு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சில எச்சரிக்கைகள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாங்களாகவே பட்டினி இருக்கக் கூடாது. சில மாத்திரைகளோடு சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென இறங்கி, வயலிலேயே மயங்கி விழ நேரிடும். மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கு இந்த எடைக்குறைப்பு வழி பொருந்தாமல் போகலாம். முயற்சி எதுவும் செய்யாமலே எடை இறங்கினால் அது நல்ல சேதி இல்லை. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நோய் தணிந்தவர்களும் வருடத்துக்கு ஒருமுறையாவது ஹெச்.பி.ஏ.1.சி, கண், சிறுநீரகம், கால் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். சர்க்கரை திரும்பும்போது பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவர்களுக்கு, மரத்துப்போன காலில் முள் தைத்தாலும் தெரியாது. வயலிலிருந்து வந்ததும் காலைக் கழுவித் துடைத்து, பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்ப்பது தினசரி வேலையாக இருக்கட்டும். தனக்குக் குனிந்து பார்க்க முடியாவிட்டால், வீட்டில் இருப்பவர்கள் பார்த்துச் சொல்லலாம்.