அறளை என்று ஒதுக்காதீர்கள்

படுவான்கரையில் நீரிழிவுள்ள முதியவர் மருந்தை மறந்தால், "அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவருடைய விழித்திரையைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கருவில் விழித்திரை மூளையின் நீட்சியாகவே உருவாகிறது. குருதியில் மிகும் சீனி நுண்குழாய்களைக் கெடுப்பதை அங்கே நேரில் காணலாம். நீரிழிவினால் விழித்திரை பழுதானோரின் சிந்தனைத் திறன் கூடுதலாகக் குறைவதை 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. கண் படம் மறதிநோய்க்கான பரிசோதனை அன்று. ஆயினும் அது ஓர் எச்சரிக்கை.

இலங்கையில் வளர்ந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதிப்பதே முறை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தார்கள், நல்லது. பாலம் வந்துவிட்டதால் கிழவி தானாகவே வாவியைக் கடந்து கண் வைத்தியரிடம் போவாள் என்பது அதிகாரிகளின் கற்பனை. இன்சுலின் போட்டதை மறந்து மீண்டும் போட்டுக்கொள்பவர் சீனி தாழ்ந்து மயங்கி விழுவார், உயிரும் போகலாம். மருந்துச் சீட்டோ அவருடைய நினைவை நம்பியே எழுதப்படுகிறது.

படக்கருவி கிளினிக் நாளில் படுவான்கரைக்கு வரட்டும். கண்ணில் பழுது தெரிந்தால் ஞாபகத்தையும் சோதியுங்கள், ஊசிப் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். கனடாவிலும் சுவிஸிலும் இருந்து கோபுரத் திருப்பணிக்கு அள்ளி அனுப்பும் அன்பர்களே, இதற்கும் கொஞ்சம் அனுப்புங்கள்.