‘ஜாதி நாய்’ என்றொரு சொல்

நட்புக்கு உவமை தேடிய நாலடியார், யானையை விலக்கி நாயைத் தேர்ந்தது. பழகிய பாகனையே கொல்வது யானை. வேல் பாய்ந்த நிலையிலும் வளர்த்தவனைக் கண்டால் வாலாட்டுவது நாய். தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தான் தருமன். இவற்றை மேடைதோறும் எடுத்துரைக்கும் நாம், ஒரு நாயைக் கண்டதும் கேட்கும் முதற்கேள்வி என்ன? ‘இது ஜாதி நாயா?’

இச்சொல்லோடுதான் நம் வழக்கு. சாதி ஒழிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களும் இதை நாக்கூசாமல் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியது ஜாதி நாய்; தெருவில் பிறந்தது நாட்டு நாய்; இரண்டுக்கும் இடையே பிறந்தது ‘கிராஸ்’. இம்மூன்றாவதற்கு எந்த வாசலும் திறப்பதில்லை.

ஆரணியில் நண்பர் ஒருவரின் கொல்லையில் அப்படியொரு நாய் மூன்று மாதமாக வீடு தேடிக் காத்திருக்கிறது. சாலையோரத்தில் கழுத்துப்பட்டையோடு விடப்பட்டிருந்தது. ராட்வைலரின் தலை, நாட்டு நாயின் கால்கள், முப்பது கிலோவுக்கு மேல் எடை. தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்தன. பார்க்க வந்தவர்கள் பலர், ‘கிராஸா?’ என்று கேட்டுவிட்டுத் திரும்பியவர்களே அனைவரும். கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்து ஜரிகையும் கூடித்தான் ஆரணிச் சேலை ஆகிறது. கலப்பை இழிவென்று இவ்வூரில் நின்று எப்படிச் சொல்ல முடிகிறது?

அரசும் இந்த மனப்போக்குக்கு விலக்கன்று. 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு ஒரு சுற்றறிக்கை விடுத்தது. 23 இனங்களையும் அவற்றின் கலப்பினங்களையும் விற்கவோ வளர்க்கவோ உரிமம் தரலாகாது என்றது அது. உரியவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று ஏப்ரல் 10 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அறிக்கை போயிற்று, அது விதைத்த அச்சம் போகவில்லை.

அச்சம் பொய்யன்று என்பார்கள். 2024 மே மாதம் சென்னைப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறியதை நாமும் மறக்கவில்லை. ஆனால் அவை வளர்ப்பு நாய்கள்; கட்டின்றி விடப்பட்டவை. இனத்தின் வலிமையை மறுக்கவில்லை. வலிமையான நாயைப் பெருமைக்கு வாங்கிவிட்டுக் கயிற்றைப் பிடிக்காத கையை விட்டுவிட்டு, நாயின் பிறப்பை மட்டும் விசாரிப்பது என்ன நியாயம்?

வளர்த்த விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அச்சட்டம் வகுத்த தண்டம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை! ஒருவேளைச் சிற்றுண்டிக்கும் போதாத தொகை. குட்டியாக இருந்தபோது கொஞ்சி, வளர்ந்ததும் இறக்கிவிட்டுப் போகிறவனுக்கு இது தண்டனையா, சலுகையா?

நெசவாளர் வீடுகளை நாம் குறை சொல்லவில்லை. முன்னறை முழுதும் குழித்தறி. பாவில் ஓர் இழை அறுந்தாலும் பிணைத்தாக வேண்டும். அங்கே பெரிய நாய்க்கு இடமில்லை என்பது உண்மை. நம் கேள்வி சுற்றுச்சுவரும் தோட்டமும் உடையவர்களை நோக்கியது. அவர்கள் தேடிப்போய் வாங்கும் ராஜபாளையத்தில், வெள்ளை நிறத்துக்காகவே இணைசேர்த்ததன் விளைவாகச் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. தூய்மைக்கு விலை கொடுப்பது அந்தக் குட்டிதான்.

2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், தெருநாய்களைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றது. அந்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்றும் சொன்னது. சரியான நிபந்தனை. ஆரணி நாய்க்கும் நாம் கோருவது அதுவே.

இடமும் பொறுப்பும் உள்ள நண்பர்கள் வரலாம். வயதைக் கேளுங்கள், உடல்நலத்தைக் கேளுங்கள், குழந்தைகளோடு எப்படிப் பழகுகிறது என்று நாலைந்து நாள் வந்திருந்து பாருங்கள். ஜாதியைக் கேட்பவர்களுக்கு நாய் இல்லை.