தலை ஒண்ணுதான், ஊர் மட்டும்தான் வேற

சிங்கப்பூர், துபாய்னு வேலைக்குப் போற நம்ம ஊர் பிள்ளைங்க, அங்கே கார்ல பின் சீட்டுல உட்கார்ந்தாலும் பெல்ட் போடுறாங்க.

அதே ஆள் லீவுக்கு வடுகபட்டி வந்து பூண்டு மார்க்கெட்டுக்கு பைக் எடுத்தா, ஹெல்மெட் கண்ணாடியில தொங்குது. கேட்டா, "பக்கத்துலதானே டாக்டர்!"

சட்டம் இங்கேயும் இருக்கு மக்களே. 2019 திருத்தப்படி ஹெல்மெட் இல்லைன்னா 1,000 ரூபாய் அபராதம். பின்னாடி உட்கார்றவங்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்போ என்ன வித்தியாசம்? சிங்கப்பூர்ல 24 மாசத்துல 24 புள்ளி சேர்ந்தா லைசன்ஸ் முடக்கம். தப்பு செஞ்சா மாட்டுவோம்ங்கிற நிச்சயம் அங்கே இருக்கு. இங்கே இல்லை. அபராதத்தை ஏத்துறதைவிட, தினமும் தவறாம பிடிக்கிறதுதான் பலன் தரும்.

ஆனா மண்டை ஓட்டுக்கு ஊர் எல்லை தெரியாது. 40 கிமீ வேகத்துல மோதுறது, இரண்டு மாடி உயரத்துல இருந்து விழுறதுக்குச் சமம். உள்ளே இருக்கிற நுரைப்பகுதிதான் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கும். வார் மாட்டாத ஹெல்மெட் விழும்போதே கழண்டுடும்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் ஹெல்மெட் அணியாதவர்கள் மட்டும் சுமார் 50,000.

விபத்துன்னா உடனே 108. 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். ஆனா மூளைக்காயம் பலமா இருந்தா, பணத்தால மட்டும் மீட்க முடியாது.

சென்ட் பாட்டிலோட அந்தப் பழக்கத்தையும் ஊருக்குக் கொண்டு வாங்க. பார்த்து, தம்பிகளும் போடுவாங்க.