வானொலிப் பணம்

வானொலிப் பெட்டி வைத்திருந்த குடும்பங்கள் ஆண்டுதோறும் தபாலாபீஸில் லைசென்ஸ் கட்டணம் செலுத்திய காலம் ஒன்றுண்டு. 1985-இல் அது ஒழிந்தது. அன்று முதல் ரேடியோ இனாம் என்று நினைப்போர் பலர். இனாமாவது, ஒன்றாவது! பிரிட்டனில் பி.பி.ஸி.க்கென்று வீட்டுக்கு வீடு பணம் வசூலிக்கிறார்கள்; 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுனாயிற்று. இங்கோ, 1997-இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதிக்குச் சர்க்கார் மானியம் அளிக்கிறது. அம்மானியம் நாம் கொடுக்கும் வரியே. முன்பு ரசீது கிடைத்தது. இப்பொழுது ரசீதும் இல்லை.

ஆகவே அப்பணம் எவ்விதம் செலவாகவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

'ஜனங்கள் விரும்புவது சினிமாப் பாட்டு. அதையே வைத்தால் போதும்' என்பர் சிலர். அதை வழங்க விளம்பரத்தால் வாழும் தனியார் நிலையங்கள் பல இருக்கின்றன. லாபம் தருவதைச் செய்வதற்குப் பொதுப்பணம் எதற்கு?

அதற்காக ஜனங்களின் ருசியை இகழ்வதும் தகாது. 1952-இல் மந்திரி கேஸ்கர் சினிமா இசைக்கு இடத்தைக் குறைத்தார். நேயர்கள் திருந்தினார்களா? இல்லை, இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள்! 1957-இல் விவித பாரதியைத் தொடங்க நேர்ந்தது. கேட்பாரற்ற நல்லுரையும் வீண் செலவே.

பிறர் செய்யாததை, கேட்கத் தூண்டும் வகையில் செய்வதே வழி. திருச்சி நிலையம் அதைச் செய்து காட்டியது. ஏ.டி.டி. 27 என்ற நெல்லைப் பற்றி அது இடைவிடாது எடுத்துரைத்தது. தஞ்சைக் குடியானவர்கள் அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டு விட்டார்கள். இதைவிடச் சிறந்த நற்சாட்சிப் பத்திரம் எந்த நிலையத்துக்கு வேண்டும்?

நம் மதுரைச் சீமைக்கும் தேவைகள் உண்டு. பெரியாறு-வைகைப் பாசனத்தில் தண்ணீர் திறக்கும் நாள், மழைக் குறிப்பு, மல்லிகையின் அன்றாட விலை ஆகியவை மேலூர் விவசாயிக்குப் பாட்டைவிட இனியவை. சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்த நாடகப் பாட்டுக்களைப் பாடவல்ல முதியோரின் குரல்களை இன்றே பதிவு செய்யாவிடில், நாளை எத்தனை கோடி கொட்டினாலும் அவை கிடைக்கா.

முடிவாக ஒரு யோசனை. ஆண்டுக்கு ஒரு நாள், ஒவ்வொரு நிலையமும் தன் வரவு செலவை நல்ல தமிழில் வானொலியிலேயே வாசிக்கட்டும். கலைஞருக்கு எவ்வளவு, கட்டிடத்துக்கு எவ்வளவு, கிராம நிகழ்ச்சிக்கு எவ்வளவு என்று கேட்டறிவோம். பணம் கொடுத்தவர்களுக்கு அந்த ரசீதாவது கிடைக்கவேண்டும்.