புறம்போக்கு என்று திட்டாதீர்கள்



நேற்று பழைய மாணவன் ஒருவன் வாட்ஸப்பில் மனை விளம்பரம் ஒன்றை அனுப்பி, "சார், கிரிவலப் பாதைக்குப் பக்கம், மலை நல்லாத் தெரியுது, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். படத்தைப் பார்த்ததும் இடம் தெரிந்துவிட்டது. அடி அண்ணாமலையில் சின்ன வயதில் நாங்கள் மாடு மேய்த்த மேடும், அதை ஒட்டிய ஓடையும். "சும்மா கிடந்த இடம்தானே சார்" என்கிறான்.

சும்மாவா கிடந்தது? நம் மலை பெரும்பாலும் பாறை. பெய்கிற மழை நிற்காமல் ஒரே ஓட்டமாக இறங்கும். அந்த வேகத்தைத் தணிப்பது அடிவாரத்துப் புல்லும் புதரும். பிறகு ஓடை, வரத்துக் கால்வாய், ஏரி. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரி. வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஓடை, அந்த நாலு பெருமழை நாளுக்காகத்தான் இருக்கிறது. காய்ந்த மாதம் பார்த்து ஜேசிபி விட்டு நிரவுகிறவர்களுக்கு இது தெரியாதா என்ன?

என் மேலும் குற்றம் உண்டு. வகுப்பில் சேட்டை செய்த பையன்களை எத்தனை முறை "புறம்போக்கு" என்று திட்டியிருக்கிறேன்! ஏரி, ஓடை, மேய்ச்சல் தரை, சுடுகாடு என்று ஊருக்கே பொதுவாக, வரி போடாமல் ஒதுக்கிய நிலத்தின் பெயர் அது. திட்டுகிற சொல்லாகிப் போன நிலத்தை யார் காப்பாற்றுவார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப்பொது நிலங்களை மீட்க எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பல வருஷமாக இருக்கிறோம், நிறையச் செலவு செய்துவிட்டோம் என்பதெல்லாம் காரணமாகாது என்றும் சொன்னது.

"சார் பழைய கதை பேசுறார்" என்பீர்கள். 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு சரிந்து, குழந்தைகள் உட்பட 7 பேர் மண்ணுக்குள் போனார்களே, அது பழைய கதையா? போக்கிடம் இல்லாத ஏழை மலையோரம் குடியிருப்பது வேறு. பெங்களூரில் சம்பாதித்துவிட்டு, சனி ஞாயிறு வந்து தங்க ஓடைக்குள் வீடு தேடுவது வேறு.

தம்பி, முன்பணம் கொடுத்துவிடாதே. சர்வே எண்ணை அனுப்பு. அ-பதிவேட்டில் நிலத்தின் வகை இருக்கும். பட்டா நிலம் என்று காட்டினாலும் புலப்படத்தைப் பார்க்காமல் நம்பாதே, ஓடை இருந்தால் அதில் கோடு போட்டிருப்பார்கள். எனக்கு முட்டி வலிதான். இருந்தாலும் திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்கு உன்னோடு நானும் வருகிறேன்.